கொசுவலைக் கம்பியும் 19-ஆம் நம்பர் செட்டும்

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு வயர்லெஸ் செட்டு மாட்டுவதும், மாட்டியது மக்கர் செய்தால் போய்ப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. பாதி நாள் கோளாறு செட்டில் இருக்காது, ஏரியலில்தான் இருக்கும். உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்துப் போயிருக்கும், இல்லையென்றால் வலை இழுக்கிற அவசரத்தில் எவனாவது கயிற்றை ஏரியலில் கட்டி அடிப்பாகத்தை ஆட்டி வைத்திருப்பான். அதனால் தண்டையார்பேட்டை நண்பன் ஒரு நாள் போன் செய்து, "மச்சான், தாத்தா ஜீப்புக்கு ஏரியல் வைக்கணும், நீதானே ஏரியல் ஆளு" என்றபோது, இதில் என்ன இருக்கிறது, ஒரு மத்தியான வேலை என்றுதான் நினைத்தேன். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

ஜீப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் தாத்தா 1950-களில் ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி. ஐஸ் ஏற்றியிருக்கிறது, சிமெண்ட் ஏற்றியிருக்கிறது, தேர்தல் நேரத்தில் மைக் செட்டு கட்டி ஊர் சுற்றியிருக்கிறது. அப்புறம் இருபது வருஷம் வீட்டுப் பக்கத்துச் சந்தில் கோழிக்கூடாக இருந்தது. அதைப் புதுப்பித்து, ராணுவத்தில் ஓடியபோது இருந்த மாதிரியே ரேடியோ ஏரியலோடு நிறுத்த வேண்டும் என்பது நண்பனின் ஆசை. போல்ட்டுகளின் தலையில் எஃப் என்ற எழுத்து அடித்திருப்பதை நண்பன் காட்டினான். இரண்டாம் உலகப்போரில் ஃபோர்டு கம்பெனி செய்த ஜீப்பில் கண்ணில் படுகிற பாகத்தில் எல்லாம் அந்த எழுத்தை அடித்திருப்பார்கள், அதே ஜீப்பைச் செய்த இன்னொரு கம்பெனியான வில்லிஸின் வண்டியில் அது இருக்காது. ஆக இது ஃபோர்டு ஜிபிடபிள்யூ. அதுவரை சரிதான்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்றால், வண்டி அமெரிக்காவில் செய்தது, அப்போது ரேடியோவும் அமெரிக்க ரேடியோதான் என்று நான் முடிவு கட்டினேன். இணையத்தில் தேடினால் வெளிநாட்டில் அழகாகப் புதுப்பித்த ஜீப்புகளின் படம் ஆயிரம் வருகிறது, எல்லாவற்றிலும் பின்பக்கத்தில் அமெரிக்க அடிப்பாகம், மூன்று துண்டுக் கம்பி. கம்பித் துண்டுகளின் பெயர்கூட எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: எம்எஸ்-116, 117, 118. அவற்றை நிறுத்துகிற அடிப்பாகம் எம்பி-48, போருக்குப் பிறகு அதன் இடத்துக்கு வந்தது ஏபி-15. கம்பிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர், ஒன்றில் ஒன்று திருகிச் சேரும். எனக்கு அந்த நீளம் உடனே பிடித்துவிட்டது, ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் எல்லாக் கணக்குக்கும் ஒரே சூத்திரம். 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலையின் நீளம், அதாவது ஏரியல் கம்பிக்குத் தோதான நீளம், மீட்டரில் வந்துவிடும். படகில் எல்லாரும் காது வைத்திருக்கிற 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், வகுத்தால் 48 சென்டிமீட்டர், ஒரு முழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டாங்கிகளில் இருந்த எஸ்சிஆர்-508 செட்டு 20-இல் இருந்து 27.9 மெகாஹெர்ட்ஸ் வரை எஃப்எம்-இல் பேசும், ஜீப்புகளில் போன எஸ்சிஆர்-510-க்கும் அதே எல்லை. நடுவில் 24 என்று எடுத்து வகுத்தால் மூன்று மீட்டரும் கொஞ்சமும். மூன்று துண்டுக் கம்பி சேர்ந்தால் அதே மூன்று மீட்டர்! கம்பியின் நீளத்தைப் பார்த்தே செட்டு எந்த அலைவரிசையில் பேசியது என்று ஓரளவு சொல்லிவிடலாம் என்பது அன்றைக்குப் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தில், "மச்சான், கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்று சொல்லிவிட்டேன். அவனும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மூலமாக ஒரு அடிப்பாகமும் மூன்று கம்பியும் வரவழைத்தான். விலையைவிடத் தபால் செலவும் வரியும் அதிகம். அதை இன்றுவரை அவன் மனைவியிடம் சொல்லவில்லை, இதைப் படிக்கிறவர்களும் சொல்ல வேண்டாம்.

மாட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய வண்டிக்காரர்கள் கூடுகிற இடத்துக்கு ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனோம். தெருமுனை திரும்புவதற்குள் கம்பி மேலே போன கேபிள் டிவி வயரில் மாட்டி, வயர் அறுந்து, மாடியில் இருந்து ஒரு அக்கா கொடுத்த அர்ச்சனை தனிக்கதை. (போர்க்காலப் படங்களில் கம்பி நுனியைக் கயிற்றால் வளைத்து முன்பக்கம் கட்டியிருப்பார்களே, ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. மரக்கிளையும் கம்பியும் எல்லா ஊரிலும் உண்டு.)

அங்கே ஒரு பெரியவர். ராணுவ சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியிருக்கும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கம்பியைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினார். "தம்பி, வண்டி எங்க ஏலம் எடுத்தது?" என்றார். இங்கேதான், நம் ராணுவத்திடம் இருந்து, என்று நண்பன் பெருமையாகச் சொன்னான். "அப்புறம் ஏன் அமெரிக்காக்காரன் கம்பி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

அன்றைக்கு அவர் சொன்னதையும் பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். வண்டி எந்த நாட்டில் செய்தது என்பது ரேடியோவைத் தீர்மானிக்காது, அதை எந்த ராணுவம் ஓட்டியது என்பதுதான் தீர்மானிக்கும். காரணம் ரொம்ப எளிது. ஒரு படைப்பிரிவில் எல்லா வண்டியும் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும், அப்படியென்றால் ஒரே அலைவரிசை, ஒரே முறை. அமெரிக்க செட்டு எஃப்எம், பிரிட்டிஷ் செட்டு ஏஎம், ஒன்று சொல்வது இன்னொன்றுக்கு இரைச்சல்தான். அதனால் அமெரிக்காவிடம் இருந்து ஷெர்மன் டாங்கியை வாங்கிய பிரிட்டிஷ் ராணுவம் டாங்கியின் சுழலும் கோபுரத்தின் பின்பக்கத்தில் தன்னுடைய 19-ஆம் நம்பர் செட்டை வைத்தது. அதே ஷெர்மன், அதே இடம், உள்ளே வேறு ரேடியோ, மேலே வேறு கம்பி. அன்றைய இந்திய ராணுவமும் பிரிட்டிஷ் முறையில் நடந்ததுதான், ஆகவே அதன் கைக்கு வந்த ஜீப்பிலும் 19-ஆம் நம்பரோ 22-ஆம் நம்பரோதான் இருந்திருக்கும்.

இந்த 19-ஆம் நம்பரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. 1940-இல் கேம்பிரிட்ஜில் இருந்த பை கம்பெனி வடிவமைத்தது. ஒரே பெட்டிக்குள் மூன்று வேலை. ஏ செட்டு 2-இல் இருந்து 8 மெகாஹெர்ட்ஸ் வரை, தூரத்தில் இருக்கும் தலைமையிடத்தோடு பேச. பி செட்டு 235 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஒரு மைலுக்குள் இருக்கும் பக்கத்து டாங்கியோடு பேச. மூன்றாவது, டாங்கிக்குள் இருப்பவர்கள் எஞ்சின் இரைச்சலில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள இன்டர்காம். அந்தக் காலத்தில் 235 மெகாஹெர்ட்ஸை ஒரு டாங்கிக்குள் கொண்டுவந்தது சாதாரண காரியம் இல்லை. பி செட்டுக்குத் தனியாக ஒரு குட்டைக் கம்பி, அதனால்தான் 19 இருக்கும் வண்டியில் நெட்டை ஒன்று குட்டை ஒன்று என்று இரண்டு ஏரியல் தெரியும். பழைய படத்தில் அதைப் பார்த்தால் உள்ளே எட்டிப் பார்க்காமலேயே செட்டின் பெயரைச் சொல்லிவிடலாம். 22-இல் பி செட்டு கிடையாது, ஆகவே குட்டைக் கம்பியும் கிடையாது.

சரி, ஏ செட்டுக்கு வருவோம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 75-ஐ வகுத்தால் 10.7 மீட்டர், மூன்று மாடி உயரம். அதை ஜீப்பில் நட முடியுமா? பிரிட்டிஷ்காரன் நாலு அடித் துண்டுகளாகக் கம்பி செய்து, இரண்டு செருகினால் எட்டு அடி, மூன்று செருகினால் பன்னிரண்டு அடி, வண்டியை நிறுத்திப் பேசும்போது பதினாறு வரைக்கும் என்று வைத்தான். எட்டு அடி என்பது வெறும் இரண்டரை மீட்டர், தேவையில் கால்வாசிகூட இல்லை. மீதியை ஏமாற்றுவதற்குத்தான் வேரியோமீட்டர் என்று ஒரு பெட்டி. உள்ளே ஒரு சுருள், அந்தச் சுருளுக்குள் சுழலும் இன்னொரு சுருள், வெளியே ஒரு குமிழ். குமிழைத் திருப்பினால் இரண்டு சுருளும் ஒத்துழைக்கும் அல்லது முறைத்துக்கொள்ளும், அதற்கேற்பக் குட்டைக் கம்பி நெட்டைக் கம்பி மாதிரி நடிக்கும். நடிப்புதான், நிஜம் இல்லை. சக்தியில் பெரும்பங்கு சுருளிலும் தரையிலும் சூடாகப் போய்விடும். ஓடும் வண்டியில் ஏ செட்டுக்குப் பத்து மைல் கிடைத்தால் நல்ல கணக்கு.

இதில் ஜீப்புக்காரர்கள் நிறையப் பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஏரியலில் பாதிதான் அந்தக் கம்பி, மறுபாதி வண்டியின் இரும்பு உடம்பு. எனக்கு இது படகில் பட்டுத் தெரிந்தது. ஃபைபர் படகில் அடியில் இரும்பே கிடையாது, அதனால் அங்கே உடம்பை நம்பாத வேறு வகை ஏரியல் வைக்கிறோம். ஜீப்பில் உடம்பு இருக்கிறது, ஆனால் புதுப்பிக்கிறவர்கள் பானெட், மட்கார்டு, சேசிஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மூன்று கோட்டு பெயின்ட் அடித்து, ரப்பர் வைத்து முடுக்கிவிடுகிறார்கள், கடைசியில் ஒரு தகடும் இன்னொரு தகடும் மின்சாரத்தில் பேசிக்கொள்வதே இல்லை. அந்தக் காலத்தில் ராணுவம் பானெட்டுக்கும் உடம்புக்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை போட்டு இணைத்தது, ஸ்பார்க் பிளக் இரைச்சல் ரேடியோவுக்குள் வராமல் இருக்க ஃபில்டர் வைத்தது. அமெரிக்க ஜீப்பில் அப்படி இரைச்சல் அடக்கிய வண்டியின் பானெட் நம்பருக்குப் பின்னால் எஸ் என்ற எழுத்து இருக்கும். நண்பன் வண்டியில் நம்பர் எல்லாம் எத்தனையோ பெயின்டுக்கு அடியில் போய்விட்டது, ஆனால் பானெட் கீலுக்குப் பக்கத்தில் கருத்துப் போன ஒரு பட்டைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதை அழுக்குத் துணி என்று நினைத்து வெட்டப் போனான், கையைப் பிடித்துவிட்டேன். ரேடியோ வைக்கத் தயார் செய்த வண்டி என்பதற்கு எங்களிடம் இருந்த முதல் சாட்சி அதுதான்.

இரண்டாவது சாட்சி ஆயாவிடம் இருந்தது.

நண்பனின் ஆயாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. ஒரு மழை நாள் மத்தியானம் அவர் வீட்டில் உட்கார்ந்து ஏரியல் கதையை நான் புலம்பிக்கொண்டிருக்கிறேன், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த ஆயா, "வண்டியோட வந்த கம்பியா? அதுலதான்டா கொசுவலை கட்டியிருக்கேன்" என்றார். திரும்பிப் பார்த்தால் கட்டிலின் நாலு மூலையில் மூன்றில் அலுமினிய பெயின்ட் அடித்த ஒல்லிக் கம்பி, நாலாவது மூலையில் மூங்கில். மூன்றுதான் வந்ததாம், நாலாவதுக்குத் தாத்தா மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தாராம். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "உங்க அப்பன் பொறந்தப்போ கட்டினது" என்று நண்பனைக் காட்டினார்.

கெஞ்சிக் கூத்தாடி இரண்டை வாங்கிக்கொண்டு வந்தோம். என் பட்டறையில் செய்தித்தாளை விரித்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன். மேலே வெள்ளி. அதன் கீழே ஒரு நீலம், அது கட்டிலுக்கு அடித்த நீலமாம். நீலத்துக்குக் கீழே கரும்பச்சை, நகத்தால் கீறினால் மாவு மாதிரி உதிர்கிற பழைய ராணுவப் பச்சை. பச்சையையும் தாண்டி ஒரு இடத்தில் மட்டும் எமரி தாளை வைத்து மெல்லத் தேய்த்தேன், இரும்பு வரும் என்று பார்த்தால் சிவப்பு வருகிறது. துரு இல்லை. செம்பு! எஃகுக் குழாய்க்கு மேலே செம்பு முலாம். உயர் அலைவரிசை மின்சாரம் உலோகத்தின் தோலில்தான் ஓடும், உள்ளே போகாது, அதனால் வலுவுக்கு எஃகு, ஓட்டத்துக்கு மேல்தோலில் செம்பு. முனைகளைப் பார்த்தேன், திருகு மரை இல்லை, ஒன்றின் முனை இன்னொன்றின் வாய்க்குள் வழவழவென்று செருகிக்கொண்டது. டேப் வைத்தால் ஒவ்வொன்றும் நாலு அடியை ஒட்டி. பிரிட்டிஷ் எஃப் வகைக் கம்பி. பெரியவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "செருகுதா? அப்போ சரி" என்று வைத்துவிட்டார்.

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் பட்டதை வைத்துச் சொல்வது இவ்வளவுதான். இப்போது கண்காட்சியில் நிற்கிற வண்டியின் படத்தை நம்பாதீர்கள், அதை வைத்தவரும் உங்களை மாதிரி இன்னொரு படத்தைப் பார்த்துத்தான் வைத்திருப்பார். போர்க்காலத்தில் எடுத்த படம் வேண்டும், படத்தில் எந்த ராணுவம் என்று தெரிய வேண்டும். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் படங்கள் இணையத்தில் ஏராளமாக இருக்கின்றன, இந்தியப் படைகளின் படங்களும் உண்டு. படத்தைப் பெரிதாக்கி, முகங்களை விட்டுவிட்டுக் கம்பி வண்டியைத் தொடும் இடத்தைப் பாருங்கள். பொருள் கையில் கிடைத்தால் சுத்தம் செய்வதற்கு முன்னால் முத்திரையைத் தேடுங்கள். அகன்ற அம்புக்குறி இருந்தால் பிரிட்டிஷ் ராணுவப் பொருள், அந்த அம்பு சி என்ற எழுத்துக்குள் இருந்தால் கனடா. ஆங்கிலத்தில் இசட் ஏ என்று தொடங்கும் எண் இருந்தால் வயர்லெஸ் கிடங்கின் எண், அதை வைத்துக் கையேட்டில் தேடலாம். கையேடுகள் ஸ்கேன் செய்து கிடைக்கின்றன, பாகங்களின் பட்டியல் உள்ள பக்கம்தான் முக்கியம், மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

முத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. வியாசர்பாடிப் பக்கம் ஒரு காயலான் கடையில் 19-ஆம் நம்பர் செட்டின் கூடு கிடைத்தது. கடை பாய், "ரஷ்யா மால், ஒரிஜினல் ரஷ்யா" என்று விலையை ஏற்றிக்கொண்டே போனார், ஏனென்றால் முகப்பில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் ரஷ்ய எழுத்தும் இருந்தது. அது ரஷ்யாவில் செய்தது இல்லை. சோவியத் யூனியனுக்கு அனுப்புவதற்காகக் கனடாவில் இரண்டு மொழியில் எழுதிச் செய்த செட்டு. இதையெல்லாம் பாயிடம் விளக்கியிருக்கக் கூடாது. "அப்போ கனடா மாலா, இன்னும் ஐந்நூறு சேர்த்துக் குடு தம்பி" என்றுவிட்டார். உள்ளே வால்வு (பழைய ரேடியோவின் கண்ணாடிக் குழாய்) ஒன்றுகூட இல்லை, கடைசிக் கட்டத்தில் இருக்கவேண்டிய 807 வால்வின் சாக்கெட்டில் குளவி கூடு கட்டியிருந்தது.

காலியாக இருந்ததே எங்களுக்கு வசதி. 1933-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இருந்தே நம் ஊரில் உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம், 2023-இல் புதுச் சட்டம் வந்த பிறகும் அனுமதி வாங்க வேண்டும் என்பது போகவில்லை. நான் ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்கான பரீட்சை எழுதி வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வைத்திருக்கிறேன், நண்பனிடம் அது இல்லை, வண்டி அவனுடையது. அதனால் கூடு கூடாகவே இருக்கட்டும். முழு செட்டு கிடைத்தவர்கள் தயவுசெய்து பேட்டரியில் மாட்டிப் பார்க்காதீர்கள். பவர் பெட்டிக்குள் இருக்கும் சுழலி 12 வோல்ட்டை 500 வோல்ட்டுக்கு மேலே ஏற்றும், எண்பது வருஷத்துக் காகித கண்டென்சர் அதைத் தாங்காது, நீங்களும் தாங்க மாட்டீர்கள். இன்னொன்று, ஜீப்பின் சொந்த மின்சாரம் 6 வோல்ட், செட்டுக்கு 12 வேண்டும், அதனால் தனி பேட்டரிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். புதுப்பிக்கிறவர்கள் அந்த பேட்டரிக்கு இடம் விடுவதே இல்லை. அப்புறம், அந்தக் காலத்து மீட்டர் முள்ளும் டயலும் இருட்டில் மின்னுவதற்கு ரேடியம் பெயின்ட் அடித்தது உண்டு. இப்போது மின்னாமல் இருக்கலாம், ரேடியம் அப்படியேதான் இருக்கும். கண்ணாடியைத் திறந்து சுரண்ட வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து வந்த அமெரிக்கக் கம்பிகளை என்ன செய்வது என்று நண்பன் கேட்டான். விற்றுவிடு என்றேன். விற்கவில்லை. போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். ஜீப்பின் பின்பக்கத்தில் எட்டு அடிக் கம்பி, செம்பு மேல் புதிதாகப் பச்சை அடித்து, நுனியைக் கயிற்றால் வளைத்துக் கட்டி, கேபிள் வயருக்கு ஒரு அடி கீழே நிற்கிறது. பன்னிரண்டு அடி ஆக்க இன்னொரு துண்டு வேண்டும். அது ஆயாவின் தலைமாட்டில் இருக்கிறது. எடுத்துப்போன இரண்டு மூலைக்குப் பதிலாக எம்எஸ்-117-ம் 118-ம் கட்டிக் கொடுத்திருக்கிறான், ஆயா இரண்டையும் தட்டிப் பார்த்து, "பழசு மாதிரி இல்ல, ஆடுது" என்றார். மூன்றாவதைத் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார்.